அடைப்பு இல்லை, ஆனாலும் நெஞ்சு வலிக்கிறதே?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. விடியற்காலை நாலு மணிக்கு நெஞ்சைப் பிசைவது போல வலி வந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. டிரெட்மில், ஆஞ்சியோகிராம் எல்லாம் பார்த்துவிட்டு அடைப்பு இல்லை, வாயுத்தொல்லை என்றார்கள். இப்போது வேறொரு டாக்டர், ரத்தக்குழாய்க்குள் மருந்து செலுத்தி அந்த வலியை வரவழைத்துப் பார்க்கலாம் என்கிறார். நாமே வரவழைப்பதா, பயமாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பயப்படுவது நியாயம்தான் அம்மா. ஆனால் அடைப்பு இல்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. சிலருக்கு இதய ரத்தக்குழாய் திடீரென்று இறுகிச் சுருங்கி, கொஞ்ச நேரத்தில் தானாகவே விட்டுவிடும். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே, சும்மா படுத்திருக்கும்போது வருவதுதான் இதன் குணம். பகலில் ஆஞ்சியோகிராம் எடுக்கும்போது குழாய் விரிந்து கிடக்கும், அப்புறம் எப்படித் தெரியும்?

அதனால்தான் இந்தச் சோதனை. ஜப்பானில் 1980களிலிருந்தே செய்கிறார்கள். பெரும்பாலும் அசிட்டைல்கோலின் என்ற மருந்து. உட்சுவர் நன்றாக இருந்தால் குழாய் இதற்கு விரியும், கெட்டிருந்தால் அதே மருந்துக்குச் சுருங்கும். இடது குழாயில் 20, 50, 100 மைக்ரோகிராம் என்று படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள், மருந்தின் வேகமும் சீக்கிரமே அடங்கிவிடும். வழக்கமான அதே வலி, ஈசிஜியில் மாற்றம், குழாய் 90 சதவீதமோ அதற்கு மேலோ சுருங்குவது, மூன்றும் சேர்ந்து வந்தால் நோய் உறுதி. உடனே நைட்ரோகிளிசரினைக் குழாய்க்குள்ளேயே செலுத்தி விரித்துவிடுவார்கள். வலியும் ஈசிஜி மாற்றமும் வந்து பெரிய குழாய் சுருங்கவில்லை என்றால், நுண்குழாய்களைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். இதயத்துடிப்பு தாளம் தப்பலாம், வலது குழாயில் போடும்போது ரொம்பக் குறையவும் செய்யலாம், அதற்காகவே தற்காலிக பேஸ்மேக்கரைத் தயாராக வைப்பார்கள். இதில் பழகிய கைகளா என்று தயங்காமல் கேளுங்கள்.

தெரிந்துகொள்வதால் என்ன லாபம்? மருந்தே மாறுகிறது. இதற்கு டில்டியாசெம் போன்ற கால்சியம் தடுப்பு மாத்திரைகள்தான் முதல் சிகிச்சை. நெஞ்சுவலி என்றதும் வழக்கமாகக் கொடுக்கும் சில பீட்டா தடுப்பு மாத்திரைகள் சுருக்கத்தை அதிகப்படுத்திவிடலாம். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், இந்த நோயைத் தூண்டுவதில் அது முக்கியமானது.

சோதனைக்கு முன் சில மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அதற்குள் ஒருநாள் வலி வழக்கம்போல விடாமல் நீடித்தாலோ, மயக்கம் வந்தாலோ, தேதிக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.