லாகின் ஆகிறது, ஃபோல்டர் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது

கேள்வி: காரைக்குடியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். கல்யாண ஆல்பம் டிசைன்களைச் சென்னையில் உள்ள ஒரு லேபுக்கு ஃபைல்ஜில்லா என்ற மென்பொருள் வழியாக, எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறையில் அனுப்புவது வழக்கம். லேபில் சர்வரை மாற்றியதிலிருந்து லாகின் ஆகிறது, ஆனால் ஃபோல்டர் பட்டியல் வராமல் நின்றுவிடுகிறது. கடை லைனிலும் அப்படித்தான், போன் ஹாட்ஸ்பாட்டிலும் அப்படித்தான். கேட்டால் ‘உங்கள் நெட்டில்தான் கோளாறு’ என்கிறார்கள். அப்புறம் ‘எஸ்எஃப்டிபிக்கு மாறிவிடுங்கள்’ என்றார்கள். மாறினால், ‘இந்த ஹோஸ்ட் கீ தெரியாதது, நம்பலாமா’ என்று ஒரு பெட்டி வருகிறது. ஓகே கொடுக்கலாமா? இன்னொன்று: சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் வாடிக்கையாளர் வீட்டார் கல்யாண வீடியோவை நேரடியாக எடுத்துக்கொள்ள, கடை கம்ப்யூட்டரிலேயே ஒரு சர்வர் போட்டுவிடலாமா? ஃபைல்ஜில்லா லாக்கை இணைத்திருக்கிறேன்.

பதில்: கோளாறு உங்கள் நெட்டில் இருப்பதாகத் தெரியவில்லை. ஏறக்குறைய நிச்சயமாக லேபின் ஃபயர்வாலில்தான், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் காவலில்தான். நீங்கள் அனுப்பிய லாக்கே அதைக் காட்டிக்கொடுக்கிறது, மேலிருந்து படித்துப் பார்ப்போம்.

முதலில் உங்கள் கம்ப்யூட்டர் லேப் சர்வரின் 21-ஆம் போர்ட்டை, அதாவது எண் போட்ட ஒரு வாசலை, தட்டுகிறது. இணைக்கலாமா என்று இது கேட்க, சரி என்று அது சொல்ல, ஆகட்டும் என்று இது மறுபடி சொல்ல, டிசிபி இணைப்பு உருவாகிறது. உடனே சர்வர் 220 என்ற எண்ணோடு ஒரு வரவேற்பு வரி அனுப்புகிறது. நீங்கள் யூசர் பெயரைக் கொடுக்கிறீர்கள், 331 வருகிறது, அதாவது பாஸ்வேர்டைக் கேட்கிறது. பாஸ்வேர்டு போகிறது, 230 வருகிறது. லாகின் முடிந்தது. பெயரோ பாஸ்வேர்டோ தப்பாக இருந்தால் இந்த இடத்தில் 530 வந்திருக்கும். வரவில்லை. ஆக, பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பது, ஃபைல்ஜில்லாவை அழித்துவிட்டு மறுபடி போடுவது எல்லாம் வீண் வேலை.

அதற்கு அடுத்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் லாக்கில் 227 என்ற எண்ணும், அடைப்புக்குள் கமா போட்ட ஆறு எண்களும் இருக்கின்றன. உண்மை முகவரியை மாற்றிக் காட்டுகிறேன்: 203,0,113,25,195,80. முதல் நான்கும் ஐபி முகவரி. கடைசி இரண்டும் ஒரு போர்ட் எண்: 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் 50000. ‘பட்டியல் வேண்டுமா, என் 50000-ஆம் போர்ட்டுக்குத் தனியாக வந்து வாங்கிக்கொள்’ என்கிறது சர்வர். இதற்குப் பாஸிவ் மோடு என்று பெயர். ஃபைல்ஜில்லா அங்கே போய்த் தட்டுகிறது. பதில் இல்லை. 20 விநாடி பார்த்துவிட்டு, டைம் அவுட் என்று கைவிடுகிறது.

எஃப்டிபியின் அமைப்பே இதுதான். கட்டளைக்கு ஒரு இணைப்பு, சரக்குக்கு இன்னொரு இணைப்பு. உங்கள் ஊர் வீடுகளில் முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிறதல்லவா, முகப்பில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு மூட்டையைப் பின்தெரு வழியாக இறக்கச் சொல்வது மாதிரி. லேபில் புது சர்வர் போட்டவர் முகப்பைத் திறந்துவைத்தார், பின்வாசலைத் திறக்க மறந்துவிட்டார்.

இதில் ஃபோல்டர் பட்டியலும் சரக்குக் கணக்கில்தான் சேரும். அதனால்தான் ஒரு ஃபைல்கூட அனுப்பாமலே, லாகின் ஆன மறு நொடியில் சிக்கிக்கொள்கிறது.

டைம் அவுட் என்பதற்கும் ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்பதற்கும் வித்தியாசம் உண்டு. ரெஃப்யூஸ்டு என்றால் பெரும்பாலும் மெஷின் இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை, ‘போ’ என்று உடனே சொல்லிவிடுகிறது. டைம் அவுட் என்றால் நடுவில் எதுவோ உங்கள் தட்டலை வாங்கிச் சத்தமில்லாமல் குப்பையில் போடுகிறது. ஃபயர்வாலின் குணம் அது. கடை லைன், ஹாட்ஸ்பாட் இரண்டிலும் ஒரே மாதிரி நிற்கிறது என்பதால் உங்கள் ரூட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது உங்கள் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதில் உள்ள ஆன்டிவைரஸ் மேல் சந்தேகம் இருந்தால் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தடவை முயன்று பாருங்கள்.

லேபில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் இப்படிச் சொன்னால் அவருக்குப் புரியும்: ‘பாஸிவ் போர்ட்களுக்கு ஒரு வரம்பு வைத்து, உதாரணமாக 50000 முதல் 50100 வரை, அதை ஃபயர்வாலிலும் திறந்துவிடுங்கள். சர்வர் ரூட்டருக்குப் பின்னால் இருந்தால் வெளி ஐபி முகவரியை எஃப்டிபி செட்டிங்கில் கொடுங்கள்.’ பத்து நிமிட வேலை.

யாராவது ‘ஆக்டிவ் மோடுக்கு மாற்றிப் பாருங்கள்’ என்பார்கள். மாற்றாதீர்கள். அந்த முறையில் உங்கள் கம்ப்யூட்டர் தன் முகவரியைச் சொல்லும், சர்வர் தன் 20-ஆம் போர்ட்டிலிருந்து உங்களைத் தேடி வரவேண்டும். உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த முகவரியோ 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரி. அதை வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து யாரும் காரைக்குடிக்கு வந்து சேர முடியாது. சில ரூட்டர்கள் நடுவில் அந்த வரியை எட்டிப் பார்த்து முகவரியைத் திருத்தி அனுப்பும், அந்தப் புண்ணியத்தில் சில இடங்களில் ஓடும். இணைப்பில் டிஎல்எஸ் என்கிற மறையாக்கம் வந்துவிட்டால் ரூட்டரால் எட்டிப் பார்க்க முடியாது, அதுவும் நின்றுவிடும்.

இப்படி ஒரு சிக்கலான ஏற்பாட்டை ஏன் செய்தார்கள் என்று தோன்றும். எஃப்டிபியின் முதல் வரைவு 1971 ஏப்ரலில் வந்தது. எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு எம்ஐடிக்குப் போனவர். இன்றைய வீட்டு ரூட்டர், ஃபயர்வால் எதுவும் இல்லாத காலம். நெட்வொர்க்கில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்படத் தேவையும் இருக்கவில்லை. இன்றும் புழங்கும் வடிவம் 1985-இல் வந்தது, அதிலும் பாஸ்வேர்டு அப்படியே வெறும் எழுத்தாகத்தான் போகிறது. உங்கள் லாக்கில் ‘இன்செக்யூர் சர்வர்’ என்று ஒரு வரி இருக்கிறதே, கவனித்தீர்களா? லேபின் எஃப்டிபியில் டிஎல்எஸ் இல்லை என்பதை ஃபைல்ஜில்லா அப்படிச் சொல்கிறது. கல்யாண மண்டபத்து வைஃபையில் உட்கார்ந்து இதே லாகினைப் போட்டால், அதே வைஃபையில் ஒட்டுக்கேட்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் உங்கள் பாஸ்வேர்டைப் படித்துவிடலாம்.

பெரிய ஃபைல்களில் இன்னொரு தொந்தரவும் உண்டு. ஒரு மணி நேரம் சரக்கு இணைப்பில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது கட்டளை இணைப்பு சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் இணைப்பை நடுவழி ரூட்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறந்துவிடும். ஃபைல் முழுசாகப் போய்ச் சேர்ந்த பிறகு, முடிந்தது என்று சொல்லும் 226 உங்களுக்கு வராது. ஃபைல்ஜில்லா தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்கும். 99 சதவீதத்தில் நின்று உங்களை அழவைத்த வீடியோக்கள் இருந்திருந்தால், பல சமயம் காரணம் இதுதான்.

ஆகவே லேப் சொன்ன இரண்டாவது யோசனை, அதாவது எஸ்எஃப்டிபி, சரியான யோசனை. பெயர் ஒத்திருந்தாலும் எஃப்டிபிக்கும் இதற்கும் உறவில்லை. எஃப்டிபிக்கு டிஎல்எஸ் போர்வை போர்த்தியது எஃப்டிபிஎஸ், அது தனி. எஸ்எஃப்டிபி என்பது எஸ்எஸ்ஹெச் என்ற மறையாக்க இணைப்புக்குள் ஓடுவது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்ட சம்பவத்துக்குப் பிறகு, 1995-இல் அங்கே இருந்த தாட்டு உலோனென் என்பவர் எழுதியது எஸ்எஸ்ஹெச். எஃப்டிபிக்கு 21, தொலைவிலிருந்து லாகின் செய்யும் பழைய முறையான டெல்நெட்டுக்கு 23 என்று இருக்க, நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார். கட்டளை, பட்டியல், சரக்கு எல்லாம் அந்த 22 ஒன்றிலேயே போகும். லேப் ஒரே ஒரு போர்ட்டைத் திறந்தால் போதும்.

இப்போது அந்தப் பெட்டி. ஓகே கொடுக்கலாம், ஆனால் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

எஸ்எஸ்ஹெச்சில் நீங்கள் யார் என்று நிரூபிப்பதற்கு முன்னால் சர்வர் தான் யார் என்று நிரூபிக்க வேண்டும். இணைப்பு கிடைத்ததும் இரு பக்கமும் கணக்குப் போட்டு, வழியில் யாருக்கும் தெரியாத ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்கின்றன. அந்த உரையாடலின் மேல் சர்வர் தன் நிரந்தரச் சாவியால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறது. அந்த நிரந்தரச் சாவிதான் ஹோஸ்ட் கீ. கையெழுத்து சரியானதுதான் என்று ஃபைல்ஜில்லாவால் சரிபார்த்துவிட முடியும். ஆனால் அந்தச் சாவிக்காரர் உண்மையில் உங்கள் லேப்தானா என்பது அதற்கு எப்படித் தெரியும்? அதைத்தான் உங்களிடம் கேட்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு ஓகே கொடுத்து, எதிரே இருப்பது போலி சர்வராக இருந்தால், அடுத்து நீங்கள் அனுப்பும் பாஸ்வேர்டு நேரே அவன் கையில் போய்ச் சேரும். வழியெல்லாம் மறையாக்கம் இருந்தும் பிரயோஜனம் இல்லை, போய்ச் சேரும் இடமே அவனுடையது.

பெட்டியில் ‘எஸ்ஹெச்ஏ256’ என்று தொடங்கி 43 எழுத்துகள் ஓடும். அதுதான் அந்தச் சாவியின் ஃபிங்கர்பிரிண்ட். லேபுக்கு, வழக்கமாக நீங்கள் பேசும் நம்பரில் போன் போட்டு, சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லா 43-ஐயும் ஒப்பிடுவது நல்லது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் கணக்கு. ஒரே சர்வரில் ஆர்எஸ்ஏ, இசிடிஎஸ்ஏ, எட்25519 என்று இரண்டு மூன்று சாவிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஃபிங்கர்பிரிண்ட் வேறு. உங்கள் பெட்டியில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதைக் கேளுங்கள், இல்லாவிட்டால் பொருந்தவில்லை என்று இரண்டு பக்கமும் பயந்துகொண்டிருப்பீர்கள். பொருந்தினால், எப்போதும் நம்பு என்ற கட்டத்தில் டிக் போட்டு ஓகே கொடுங்கள். அதற்கப்புறம் அந்தப் பெட்டி வராது.

பின்னால் என்றைக்காவது ‘ஹோஸ்ட் கீ மாறிவிட்டது’ என்று எச்சரிக்கை வந்தால், அதை இதைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். லேப் மறுபடி சர்வரை மாற்றியிருக்கலாம். ஆனால் அவர்கள் வாயால் கேட்கும் வரை பாஸ்வேர்டு போடாதீர்கள்.

லேப் சம்மதித்தால் பாஸ்வேர்டையே விட்டுவிட்டுச் சாவி முறைக்குப் போங்கள் என்பேன். புட்டிஜென் என்ற சாவி உருவாக்கும் நிரலில் எட்25519 வகையைத் தேர்ந்தெடுத்து ஒரு ஜோடி உருவாக்குங்கள். மேலே கட்டத்தில் ஒரே வரியாகத் தெரிவது பொதுச் சாவி, அதை லேபுக்கு அனுப்பலாம், யார் பார்த்தாலும் பாதகமில்லை. பிபிகே என்று முடியும் ஃபைல் உங்கள் தனிச் சாவி. அதற்கு ஒரு பாஸ்ஃபிரேஸ், அதாவது சாவியைப் பூட்டும் பாஸ்வேர்டு, வைத்து உங்கள் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் பொதுச் சாவிக்குப் பதில் பிபிகே ஃபைலை வாட்ஸ்அப்பில் தூக்கி அனுப்பிவிடுவது சகஜமாக நடக்கிறது. அப்படி அனுப்பிவிட்டால் அந்த ஜோடியை அழித்துவிட்டுப் புதிது போடுவதுதான் வழி. இந்த முறையில் தனிச் சாவி உங்கள் கம்ப்யூட்டரைவிட்டு வெளியே போவதே இல்லை. அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் செல்லும் கையெழுத்துதான் போகிறது, அதைப் பிடித்துவைத்து இன்னொரு நாள் பயன்படுத்த முடியாது. ஃபைல்ஜில்லாவின் சைட் மேனேஜரில் லாகின் வகையைக் ‘கீ ஃபைல்’ என்று மாற்றி இந்த பிபிகே ஃபைலைக் காட்டினால் முடிந்தது.

கடை கம்ப்யூட்டரில் சர்வர் போடும் யோசனையை மட்டும் கைவிடுங்கள். உங்கள் ரூட்டரின் செட்டிங் பக்கத்தில் ‘வான் ஐபி’ (WAN IP) என்று என்ன இருக்கிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் ரூட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் சிங்கப்பூர்க்காரர் தட்டுவது உங்கள் கடை வரை வராது. காசு கட்டி நிலையான ஐபி வாங்கலாம்தான். வாங்கிய அன்றே, உலகம் முழுக்க 22-ஆம் போர்ட்டைத் தேடித் திரியும் தானியங்கி நிரல்கள் உங்கள் கதவிலும் நின்று பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கத் தொடங்கும். கல்யாணப் படங்கள், பில் கணக்கு எல்லாம் இருக்கிற கம்ப்யூட்டரில் அந்தத் தலைவலி வேண்டாம்.

தவிர வேகக் கணக்கும் ஒத்துவராது. ஒரு கல்யாணத்துக்கு 40 ஜிபி என்று வையுங்கள். 50 எம்பிபிஎஸ் அப்லோடு முழுசாகக் கிடைத்தால்கூட ஒருவர் இறக்க ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோலாலம்பூரில் அண்ணன், சிங்கப்பூரில் தம்பி, அமெரிக்காவில் பெண் வீட்டார் என்று நான்கு பேர் சேர்ந்து இறக்கினால் உங்கள் கடையில் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. மாத வாடகைக்கு ஏதாவது ஒரு கிளவுட் டிரைவில் நீங்கள் ஒரு தடவை ஏற்றிவிட்டு, நாள் கெடு வைத்த லிங்க்கை அனுப்புங்கள். லிங்க்கை வாட்ஸ்அப்பில் கொடுத்தால், அதற்கான பாஸ்வேர்டைப் போனில் சொல்லிவிடுங்கள்.