வக்பு காணியை விற்றுக் கடை வாங்கலாமா?

கேள்வி: எங்கள் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் மத்ரஸாப் பிள்ளைகளின் செலவுக்கென வக்பு செய்த (அறத்துக்கென நிலையாக ஒதுக்கிய) வீடும் காணியும் மலைச்சரிவில் உள்ளன. மண்சரிவு அபாயம் உண்டெனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்ததும் குடியிருந்தோர் வெளியேறினர், வாடகை நின்றுவிட்டது. கராம்பும் மிளகும் மட்டும் வருமானம் தருகின்றன. காணியை விற்று நகரில் கடை வாங்கவும், மிகுதியில் பள்ளிவாசல் முகப்பைத் திருத்தவும் நிர்வாகம் எண்ணுகிறது. இது கூடுமா?
- வாசகர், நாவலப்பிட்டி

பதில்: கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் அறமாக்கியபோது, அது விற்கப்படவோ அன்பளிப்பாகக் கொடுக்கப்படவோ வாரிசுகளுக்குப் பங்கிடப்படவோ கூடாது என விதிக்கப்பட்டதைப் ஹதீஸ் தொகுப்பாளர்களான இமாம் புகாரியும் இமாம் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் (சட்ட வழிமுறை) இதில் மிக இறுக்கமானது. பள்ளிவாசல் இடிந்து, மீளக் கட்ட முடியாமற் போனாலும் அதை விற்கலாகாது என்னும் இமாம் நவவி, மக்கிய பாய்களையும் எரிக்க மட்டுமே உதவும் உடைந்த உத்தரங்களையும் விற்பதற்கு மாத்திரம் இடமளிக்கிறார்.

ஹனஃபி மத்ஹபில், மாற்றிக்கொள்ளும் உரிமையை வக்பு செய்தவரே நிபந்தனையாக வைத்திருந்தாலோ, பயன் அற்றுப்போய்க் காழி (நீதிபதி) அனுமதித்தாலோ, 'இஸ்திப்தால்' எனும் பதிலீடு கூடும். பயனற்றதை விற்று ஈடு வாங்கலாம் என்னும் ஹன்பலி அறிஞர்கள், கூஃபாவில் பைத்துல்மாலில் (பொதுக் கருவூலத்தில்) களவு நடந்தபோது பள்ளிவாசலை இடம் மாற்றுமாறு உமர் (ரலி) எழுதியதை ஆதாரமாகக் காட்டுவர். கூடுதல் நலன் இருந்தாலே மாற்றலாம் என்றார் இப்னு தைமிய்யா. மாலிகி மத்ஹபோ பள்ளிவாசல், பாதை, மையவாடி ஆகியவற்றை விரிவாக்கும் தேவைக்கன்றி நிலத்தை விற்கப் பொதுவாக இணங்குவதில்லை.

உங்கள் விடயத்தில் நின்றுபோனது வீட்டின் பயனேயன்றிக் காணியின் பயனன்று. ஆண்டுதோறும் கராம்பும் மிளகும் தரும் மண்ணைப் பயனற்றது என்று கூறி விற்பதற்கு நியாயமில்லை. அறுவடையைக் குத்தகைக்கு விட்டு மத்ரஸாவுக்குச் செலவிடுவதே இப்போதைக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. அபாய அறிவித்தல் உள்ள காணியை விற்று, நகரில் கடையும் வாங்கிப் பணமும் மிஞ்சும் என்று நிர்வாகம் எப்படிக் கணக்கிட்டதோ விளங்கவில்லை.

பதிலீடு அனுமதிக்கப்பட்டாலும் முகப்பு வேலைக்கு அதில் ஒரு சதமும் எடுக்கலாகாது. விற்ற பணம் முழுவதும் வக்புப் பணமே. அது மத்ரஸாப் பிள்ளைகளுக்குரியது.

முதலில் வக்பு உறுதியை எடுத்து, மாற்றும் உரிமை அதில் எழுதப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். இருந்தால் ஹனஃபி வழியில் யோசிக்க இடமுண்டு. அப்போதும் அது நிர்வாகம் தனித்துத் தீர்மானிக்கும் காரியமன்று. உறுதியின் பிரதியையும் அபாய அறிவித்தலையும் இணைத்து, 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் வக்பு சபைக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை எவரிடமும் முற்பணம் வாங்க வேண்டாம்.