அறளை பெயர்வது வயதா, நோயா? அல்சைமர் என்பவர் யார்?

அறளை பெயர்வது, அதாவது முதுமையில் நினைவு தடுமாறுவது, நோய்தான். எங்கள் ஒழுங்கையில் தொண்ணூறு தாண்டிய ஒரு அப்பு இன்றைக்கும் வயல் கணக்கை வாயால் சொல்வார். ஆனால் கிளிநொச்சியில் எங்கள் அம்மம்மாவுக்குத் தடுமாற்றம் தொடங்கியபோது, 'அறளை பெயர்ந்திட்டுது' என்று சொல்லி இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டோம். பிழை எங்களுடையது. மருத்துவர் முதலில் இரத்தம் எடுத்துத் தைரொயிட்டும் விற்றமின் பி12உம் பார்த்தார். அவற்றில் கோளாறு இருந்தாலும் மறதி வரும், அதைத் திருத்தலாம். அம்மம்மாவுக்கு அது இல்லை. அல்சைமர் என்றார். அப்புறம்தான் அந்த மனிதரைத் தேடி வாசித்தேன்.

அலோயிஸ் அல்சைமர் 1864இல் ஜேர்மனியில் பிறந்தவர். மனநோய் மருத்துவர், ஆனால் மூளையை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதிலும் பெரும் ஈடுபாடு கொண்டவர். 1901இல் பிராங்பேர்ட்டில் அவருடைய மருத்துவமனைக்கு ஆகுஸ்ட என்ற 51 வயதுப் பெண் வந்தார். பெயர் என்ன? ஆகுஸ்ட. கணவர் பெயர்? அதுவும் ஆகுஸ்ட. கோலிபிளவரும் பன்றியிறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டே 'கீரை' என்றார். அல்சைமர் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பதிலையும் எழுதினார். (எங்கள் வீட்டில் புட்டைச் சாப்பிட்டுவிட்டு இடியப்பத்தைப் புகழ்வது நடக்கும்.)

1906இல் ஆகுஸ்ட இறந்தபோது அல்சைமர் மியூனிக்கில் இருந்தார். மூளையை அங்கே வரவழைத்து, வெள்ளிச் சாயமேற்றிப் பார்த்தார். நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முறுக்குண்ட இழைகள். இன்றும் இந்த நோயின் அடையாளம் இவைதான். அந்த நவம்பரில் டியூபிங்கன் நகரில் நடந்த மனநோய் மருத்துவர்களின் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவரும் கேள்வி கேட்கவில்லையாம். 1910இல் மனநோய் மருத்துவர் கிரெப்பெலின் தன் பாடநூலில் எழுதியபிறகே நோய்க்கு இவர் பெயர் நிலைத்தது. 1915இல், 51 வயதிலேயே அல்சைமர் போய்விட்டார். ஆகுஸ்டவின் கோப்பு 1995இல்தான் திரும்பக் கிடைத்தது.

குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. புது நினைவைப் பதிகிற இடத்தைத்தான் இது முதலில் பிடிக்கும், பழையது கனகாலம் நிற்கும். அதனால் அம்மம்மாவுக்குக் காலைச் சாப்பாடு நினைவில்லை, சண்டை முடிந்த 2009 நினைவிருக்கிறது. பின்னேரமானால் இரண்டு சீலை, அடையாள அட்டை, காணி உறுதி, ஒரு சுண்டு அரிசி எல்லாம் பையில் ஏறிவிடும். முன்பெல்லாம் 'சண்டை முடிஞ்சுது அம்மம்மா' என்று வாதாடுவேன், அவர் இன்னும் பதறுவார். இப்போது பக்கத்தில் இருந்து, 'எங்க வெளிக்கிடுறியள்?' என்று மட்டும் கேட்கிறேன்.

'விசுவமடுவுக்கு. நீ சாப்பிட்டியோ?'