“எங்க வீட்டுக்காரர் மட்டும் ஆலயத்துக்கு வருவதில்லை”
வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியை, போதகரின் மனைவி, பாளையங்கோட்டை)

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. கணவருக்காக, தோழிக்காக, அப்பாவுக்காக ஜெபிக்கிறோம், ஒன்றும் நடக்கவில்லையே என்ற ஏக்கம். ஒரு கடிதம் மட்டும் எதிர்த் திசையிலிருந்து வந்திருக்கிறது. அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

திருமணமாகி 16 வருடம் ஆகிறது. கணவர் பெயரளவில் கிறிஸ்தவர். கல்யாணம், கிறிஸ்துமஸ் தவிர ஆலய வாசல் மிதிக்க மாட்டார். வெள்ளிக்கிழமைதோறும் அவருக்காக உபவாசம் இருக்கிறேன். இரவு குடும்ப ஜெபத்தில் அவர் மனந்திரும்ப வேண்டும் என்று கண்ணீரோடு ஜெபிக்கிறேன். இப்போதெல்லாம் ஜெபம் ஆரம்பித்தாலே செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். சாத்தான்தான் தடுக்கிறானா?
– பெயர் வேண்டாம், சங்கரன்கோவில்

சாத்தானை இதில் இழுக்க வேண்டாம் அம்மா. உங்கள் வீட்டில் இருந்தால் நானும் மாடிக்குத்தான் போயிருப்பேன்.

“ஆண்டவரே, இவருடைய கல் இருதயத்தை உடையும், இவருடைய பெருமையை எடுத்துப்போடும்” என்று பிள்ளைகள் கேட்க, அவர் அங்கேயே உட்கார்ந்திருக்க, சத்தமாக ஜெபிக்கிறீர்கள். முகவரி பரலோகம், ஆனால் கடிதம் போய்ச் சேருவது பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருப்பவருக்கு. அவருக்கு அது தெரியும். பதில் பேச முடியாதபடி கண்ணை மூடிக்கொண்டு திட்டுகிறீர்கள் என்றுதான் நினைப்பார். குடும்ப ஜெபத்தில் அவர் பெயர் வரட்டும், நன்றி சொல்லும் இடத்தில் வரட்டும். வேலைக்குப் போய் பத்திரமாகத் திரும்பியதற்கு, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியதற்கு. கல் இருதயம் பற்றிய பேச்சைக் கதவை மூடிவிட்டு ஆண்டவரிடம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மத்தேயு 6ஆம் அதிகாரம் ஜெபத்துக்கு அறைவீட்டையும், உபவாசத்துக்குக் கழுவிய முகத்தையும்தானே சொல்கிறது? “நீங்க சாப்பிடுங்க, நான் இன்னைக்கு உங்களுக்காகத்தான் பட்டினி” என்று தட்டை வைத்தால், அவருக்குச் சோறு இறங்குமா?

பேதுரு தம் முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் உங்களைப் போன்ற மனைவிகளுக்குத்தான் எழுதுகிறார். வசனத்துக்குக் கீழ்ப்படியாத கணவர்கள், போதனை இல்லாமலே, மனைவியின் நடக்கையால் ஆதாயப்படுத்தப்படலாம் என்கிறார். மனந்திருப்பப் பேச்சு வேண்டாம் என்று ஓர் அப்போஸ்தலர் சொல்வது அபூர்வம்.

ஆதி சபையின் பெரிய போதகர் அகுஸ்தீனின் தாய் மோனிக்காவைப் பற்றிப் பெண்கள் ஐக்கியத்தில் எல்லோரும் பேசுவோம், மகனுக்காக அழுதவள் என்று. அவள் கணவன் பத்ரீசியுவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் தகாஸ்தே என்ற ஊர்க்காரன். கிறிஸ்தவன் அல்ல; முன்கோபி; மனைவிக்கு உண்மையாக இருந்தவனும் அல்ல. அவன் கோபமாக இருக்கும்போது அவள் வாய் திறக்க மாட்டாள், ஆறிய பிறகுதான் தன் பக்கத்தைச் சொல்வாள் என்று அகுஸ்தீன் எழுதியிருக்கிறார். மாமியாரும் முதலில் வேலைக்காரிகளின் பேச்சைக் கேட்டு அவளை வெறுத்தவர்தான், பிறகு மாறினார். பத்ரீசியு ஞானஸ்நானம் பெற்றது வாழ்நாளின் கடைசியில்.

இதைப் படித்துவிட்டு யாராவது “அப்படியானால் அடித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா” என்று எழுதப் போகிறீர்கள். வேண்டாம். மோனிக்காவின் காலத்தில் பெண்களுக்குப் போக்கிடம் இல்லை. இன்று 181 என்ற இலவச எண் இருக்கிறது. கை நீட்டுகிற கணவனுக்காக, பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகும் ஜெபிக்கலாம்.

அப்போஸ்தலர் 16:31ஐ வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொள், உன் வீட்டார் அனைவரும் இரட்சிக்கப்பட்டாயிற்று என்று அறிக்கையிடு என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். அப்படியே செய்கிறேன். என் இரண்டு தம்பிகளும் சிரிக்கிறார்கள்.
– வாசகி, உடன்குடி

“கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி, அப்பொழுது நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்.” பிலிப்பி சிறைச்சாலைக்காரனுக்கு நள்ளிரவில் சொன்னது. நம் வீட்டுக் காலண்டர்களில் வசனம் அங்கேயே முடிந்துவிடுகிறது. வேதத்தில் முடியவில்லை. பவுலும் சீலாவும் அவனுக்கும் அவன் வீட்டில் இருந்த எல்லோருக்கும் வசனத்தைப் போதித்தார்கள், அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான், அதன் பிறகுதான் ஞானஸ்நானம். வீட்டார் தாங்களும் கேட்டார்கள். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பெயர் எழுதிக்கொடுத்தால் எல்லோருக்கும் அரிசி வருகிற மாதிரி அல்ல இது.

சொந்த வீட்டில் சிரிப்பைச் சந்தித்தவர் நீங்கள் மட்டுமா? யோவான் 7:5ஐப் பாருங்கள். இயேசுவின் சகோதரர்களே அவரை விசுவாசிக்கவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அவர் அவர்களுக்காக ஜெபிக்காமலா இருந்திருப்பார்? அப்போஸ்தலர் 1:14க்கு வந்தால் அதே சகோதரர்கள் மேல்வீட்டறையில் தாயோடு ஜெபத்தில் இருக்கிறார்கள். நடுவே சிலுவையும் உயிர்த்தெழுதலும் நடந்திருக்கின்றன. உயிர்த்தெழுந்தவர் அந்தச் சகோதரர்களில் ஒருவரான யாக்கோபுக்குத் தரிசனமானார் என்று பவுல் ஒரு வரியில் சொல்லிப் போய்விடுகிறார். அண்ணனும் தம்பியும் அன்று என்ன பேசினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

தம்பிகளிடம் அறிக்கையிடுவதை விட்டுவிட்டு, ஆண்டவரிடம் கேளுங்கள். பவுலே ரோமர் 10:1இல் தம் ஜனத்தாரின் இரட்சிப்பை விருப்பம், விண்ணப்பம் என்றுதான் சொல்கிறார், ‘ஆயிற்று’ என்று சொல்லவில்லை.

விடுதியில் என் அறைத்தோழி இந்துப் பெண். ரொம்ப நல்லவள். அவள் இரட்சிக்கப்பட வேண்டும் என்று எங்கள் வாலிபர் ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் ஜெபக்குறிப்பு போட்டிருக்கிறேன். அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் வருத்தப்படுவாளா?
– கல்லூரி மாணவி, மதுரை

வருத்தப்பட மாட்டாள், கொதித்துப்போவாள். கடிதத்தோடு அந்தக் குறிப்பையும் நகலெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அவள் பெயர், ஊர், அப்பாவின் கடன், அக்காவின் விவாகரத்து எல்லாம் அதில் இருக்கிறது. அவள் நம்பி உங்களிடம் சொன்னது. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் அதை அழித்துவிட்டு, குழுவில் இருப்பவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். ஊரார் விஷயம் பேசுவதற்கு ஜெபக்குறிப்பு என்று பெயர் வைக்கிற பழக்கம் நம் சபைகளில் வெகுநாளாக இருக்கிறது. பெண்கள் ஐக்கியத்தில் பல வருடம் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

மாற்கு 2இல் நான்கு பேர் திமிர்வாதக்காரனைத் தூக்கிக்கொண்டு வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைப் பார்த்தார். நண்பர்களுக்காக ஜெபிப்பதற்கு எல்லோரும் காட்டுகிற இடம் அதுதான். ஆனால் படுக்கையில் கிடந்தவனுக்குத் தன்னைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று தெரியும் இல்லையா?

அவளிடம் சொல்லிவிடுங்கள். “நான் தினமும் ஜெபிக்கிறப்போ உன் பேரையும் சொல்றேன். எனக்குக் கிடைச்சது உனக்கும் கிடைக்கணும்னு கேக்குறேன்.” அவ்வளவு போதும். உனக்காக மீனாட்சியம்மனிடம் நான் வேண்டிக்கொள்கிறேன் என்று அவளும் பதிலுக்குச் சொல்லலாம். முகத்தைச் சுளிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள், அவளுக்கு உங்கள் மேல் இருக்கிற அன்பு அது. அவள் எழுத வேண்டிய அரியர் பேப்பருக்காகவும் அக்காவுக்காகவும் சேர்த்தே ஜெபியுங்கள். படிப்பு முடிந்து பிரியும்போது அவள் இன்று இருப்பது போலவே இருந்தால் அவள் கல்யாணத்துக்குப் போவீர்களா என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். போவேன் என்றால் அது நட்பு.

இருபது வருடமாக அப்பாவுக்காக ஜெபித்தேன். கடைசி வரை ‘எனக்கு நம்பிக்கை இல்லம்மா’ என்றுதான் சொன்னார். ஜனவரியில் ஐசியூவில் இறந்துபோனார். வெண்டிலேட்டரில் இருந்ததால் கடைசி நான்கு நாள் பேச முடியவில்லை. ‘நீ இன்னும் பாரத்தோடு ஜெபித்திருக்க வேண்டும்’ என்றார் ஒரு சகோதரி. என் ஜெபம் வீணா?
– மகள், நாகர்கோவில்

முதலில் அந்தச் சகோதரி சொன்னதை மறந்துவிடுங்கள். இழவு வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருப்பதும் ஒரு வரம். எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை.

உங்கள் அப்பா பரலோகத்தில் இருக்கிறார் என்று நான் எழுதித்தர முடியாது. இல்லை என்று எழுதவும் எனக்கு அதிகாரம் இல்லை. என் கணவர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துச் சபைகளில் ஊழியம் செய்த காலத்தில் அடக்க ஆராதனைகளில் இரண்டையுமே சொல்ல மாட்டார். சிலருக்கு அதில் அவர்மேல் கோபம். செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாதா என்பார்கள். சோதோமுக்காகப் பேரம் பேசிய ஆபிரகாமின் வார்த்தையைத்தான் அவர் வாசிப்பார்: “சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ.” அந்தப் பட்டணத்தில் ஆபிரகாமின் சகோதரன் மகன் குடியிருந்தான். அதுவும் வீட்டாருக்கான ஜெபம்தான்.

பேச முடியாமல் இருந்த அந்த நான்கு நாளை நீங்கள் வெறும் நாட்களாக எண்ணுகிறீர்கள். சிலுவையில் தொங்கிய கள்ளன் இயேசுவிடம் கேட்டது ஒரே வாக்கியம்தான். பக்கத்தில் ஆள் நின்றதால் அது நமக்குத் தெரியவந்தது. குழாய் வாயில் இருந்தபோது உங்கள் அப்பாவுக்கும் ஆண்டவருக்கும் நடுவே என்ன நடந்தது என்பது அவர்கள் இருவருக்குமான விஷயம்.

இருபது வருடம் ஒரு மனிதரை ஒவ்வொரு நாளும் ஆண்டவர் முன் நிறுத்தியிருக்கிறீர்கள். அவரோடு சண்டை போட்டிருப்பீர்கள், ஆனால் வெறுத்திருக்க முடியாது. அவரும் ‘எனக்கு நம்பிக்கை இல்லம்மா’ என்று பொய் சொல்லாமல் மகளிடம் உள்ளதைச் சொன்னார் பாருங்கள். உங்களைத் திருப்திப்படுத்த ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்குமா? எனக்குத் தோன்றவில்லை. அம்மா இருக்கிறார்களா? அவர்களோடு கொஞ்ச நாள் போய் இருங்கள்.

எத்தனை நாள்தான் ஒரே ஆளுக்காக ஜெபிப்பது? எனக்கு மறந்துவிடுகிறது, சலித்தும் போகிறது.
– வாசகர், சாத்தான்குளம்

பிரிஸ்டல் நகரத்தில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் 1844 நவம்பரில் ஐந்து பேருக்காக ஜெபிக்கத் தொடங்கினார். வியாதியிலும் பயணத்திலும் ஒரு நாளும் விடவில்லை. முதல் ஆள் மனந்திரும்ப 18 மாதம். அதற்குப் பின் இரண்டாமவருக்கு 5 வருடம், மூன்றாமவருக்கு இன்னும் 6 வருடம். 36 வருடம் கழித்தும் மற்ற இருவர் அப்படியே இருக்கிறார்கள், நானும் ஜெபித்துக்கொண்டே இருக்கிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் சோற்றுக்கு ஜெபத்தை நம்பியிருந்த மனிதர். அவருக்கே நிலைமை இதுதான்.

மறதிக்கு வழி: பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வேதாகமத்துக்குள் வையுங்கள். சலிப்புக்கு வழி: அந்த ஆளைப் போய்ப் பாருங்கள். எனக்கு அண்ணன் ஒருவர் இருக்கிறார். அசனப் பண்டிகை அன்று மட்டும் சபைக்கு வருவார், அதுவும் இலை போடுகிற நேரத்துக்கு. என்னைக் கண்டால் “என்ன, இன்னைக்கும் என்னைப் பத்தி மேலிடத்துல புகார் குடுத்தாச்சா?” என்பார். ஆமா என்பேன். அவரைப் பார்த்துவிட்டு வந்த நாளில் ஜெபம் தானாக வருகிறது.

நான் பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறேன். எனக்கு விசுவாசம் போய்விட்டது, அம்மாவுக்கும் தெரியும். தினமும் காலை 5 மணிக்கு அழுதுகொண்டே ஜெபித்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். கனடாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. நான் போகக் கூடாது என்று உபவாசம் வேறு. நிறுத்தச் சொல்வது எப்படி?
– மகன், பெங்களூர்

ஜெபத்தை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை தம்பி. அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள பேச்சு. வாய்ஸ் மெசேஜை நிறுத்தச் சொல்லலாம், தாராளமாக. “அம்மா, எனக்காக நீங்க ஜெபிக்கிறது எனக்குத் தெரியும். அதை எனக்கு அனுப்பாதீங்க. அனுப்பணும்னா என்ன சாப்பிட்டீங்க, மூட்டுவலி எப்படி இருக்கு, அதை அனுப்புங்க.” இப்படிச் சொல்லிவிட்டு, கேட்காமல் அழிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

கனடா விஷயத்தில் உங்கள் அம்மாவுக்கு ஒரு கதை சொல்ல ஆசை. கி.பி. 383இல் அகுஸ்தீன் கார்த்தேஜிலிருந்து ரோமாபுரிக்குக் கப்பலேறப் பார்த்தார். மோனிக்கா விடவில்லை. நண்பனை வழியனுப்பத்தான் வந்தேன் என்று பொய் சொல்லி, துறைமுகத்துக்கு அருகே இரத்தசாட்சி சிப்ரியானின் நினைவாலயத்தில் அம்மாவைத் தங்கவைத்துவிட்டு, இரவோடு இரவாகப் போய்விட்டார். மகன் போகக் கூடாது என்று அவள் அங்கே ஜெபித்துக்கொண்டிருந்தாள். காலையில் கரையில் நின்று கதறினாள். அன்று அவள் கேட்டதை ஆண்டவர் தரவில்லை, எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததைத் தருவதற்காக என்று மகன் பிற்காலத்தில் எழுதினார். அந்தக் கப்பல் போனதால்தான் அவர் ரோமாபுரி வழியாக மிலானுக்குப் போய் அங்கிருந்த பிஷப் அம்புரோசுவின் பிரசங்கத்தைக் கேட்டார். 387ஆம் வருட ஈஸ்டரில் ஞானஸ்நானம். அம்மாவும் கடல் கடந்து பின்னாலேயே வந்துவிட்டாள். உங்கள் அம்மாவும் விசா எடுத்து வரக்கூடும், தயாராக இருங்கள்.

அகுஸ்தீன் மாதிரி நீங்களும் மாறிவிடுவீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நானும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியது போலாகிவிடும். அவர் செய்ததில் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். டிக்கெட் போடுவதற்கு முன் ஊருக்கு நேரில் வந்து, தேதியைச் சொல்லுங்கள். அழுவார். அழட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். கிளம்பும் அன்று தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டும் என்றால் தலையைக் குனியுங்கள், அதில் உங்கள் கொள்கை எதுவும் கெட்டுவிடாது.

இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டாம். 5 மணிக்கு எழுந்து ஜெபிக்கிற அம்மா என்றால் இந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருப்பார், உங்களுக்கு முன்னாலேயே படித்திருப்பார்.