நவம்பரில் அப்பாவோடு காலாங் ஆற்றங்கரையில்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை, வீடு என்றே நாள் ஓடிவிடுகிறது. அன்றாடச் சின்ன சந்தோஷங்கள், வெளியே போய்ச் செய்யும் பொழுதுபோக்கு, சொந்த இலக்கு என்று ஒரு மாதத்தை ஒதுக்கிப் பார்த்தவர்கள் உண்டா? என்ன செய்தீர்கள்?

போன நவம்பரில் செய்தேன். அதற்கு முன் இரண்டு தடவை தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் நீளமாகப் பட்டியல் போடுவேன். ஒரு வாரம் புலாவ் உபின் தீவு, அடுத்த வாரம் மெக்ரிட்சி தொங்குபாலம், அதற்கடுத்த வாரம் கயாக். ஒவ்வொன்றுக்கும் தனி ஏற்பாடு, தனி அலைச்சல். மூன்றாம் வாரத்தில் அலுத்துவிடும். இந்த முறை ஒரே இடம் என்று முடிவு செய்தேன்: எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் பீஷான் - அங் மோ கியோ பூங்காவும் அதன் நடுவே ஓடும் காலாங் ஆறும். உங்களுக்கும் அதையே சொல்வேன். பக்கத்தில் இருக்கும் ஓர் இடத்துக்கே திரும்பத் திரும்பப் போங்கள்.

இலக்கு என்று இரண்டுதான் வைத்துக்கொண்டேன். காலாங் ஆற்றை லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து, ஆறு போய் விரிந்து சேரும் காலாங் பேசின் வரை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து முடிப்பது. சுமார் 10 கிலோமீட்டர். சிங்கப்பூரின் நீளமான ஆறு அதுதான். அடுத்தது, தினமும் படுக்கும்முன் தமிழில் ஐந்து வரி எழுதுவது. வேலையிடத்தில் நாள் முழுக்க ஆங்கிலம். கையால் தமிழ் எழுதிப் பல வருஷம் ஆகியிருந்தது.

துணைக்கு அப்பா. அவருக்கு 73 வயது. அம்மா தவறியதிலிருந்து வெளியே போவதே குறைந்துவிட்டது. கீழே கோப்பிக்கடை, மேலே வந்தால் டிவி. முதல் நாள் கூப்பிட்டபோது, "நீ போயிட்டு வா பாப்பா, எனக்கு முட்டி வலி" என்றார். "வலிச்சா உட்காரலாம்ப்பா, அங்க பெஞ்சு இருக்கு" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

வார நாட்களில் காலை ஆறரைக்கு இறங்குவோம். நவம்பரில் விடிவதும் நாங்கள் பூங்காவுக்குள் நுழைவதும் ஏறக்குறைய ஒரே நேரம். முக்கால் மணி நேர நடை, பிறகு கோப்பிக்கடையில் அவருக்கு ஒரு தே சி (பால் தேநீர்), எனக்கு ஒரு தே ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்). ஏழரைக்கெல்லாம் வீடு. அந்தத் தே குடிக்கும் பத்து நிமிடம் கைப்பேசியைப் பையிலிருந்து எடுப்பதில்லை என்று ஒரு சின்ன விதி வைத்திருந்தேன். மாதம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் நடந்தது அது ஒன்றுதான். நடைக்கே ஏழு நாள் போக முடியவில்லை. மழை, எனக்குச் சளி, ஒரு நாள் அசதி.

முதல் வாரம் பெரிதாக ஒன்றும் கண்ணில் படவில்லை. ஆறு, புல், ஓடுகிறவர்கள், நாயோடு நடக்கிறவர்கள். இரண்டாம் வாரத்தில்தான் இடம் பிடிபடத் தொடங்கியது. எந்தக் கல்லில் கொக்கு நிற்கும், எந்த வளைவில் மீன்கொத்தி உட்காரும், எந்தப் பெஞ்சுக்கு எத்தனை மணிக்கு வெயில் வரும் என்பதெல்லாம் போகப் போகத்தான் தெரிந்தது. குடை விரித்தாற்போல் நிற்கிற பெரிய மரங்களை மழை மரம் என்று மட்டும்தான் நான் சொல்லி வந்தேன். அப்பா, "தூங்குமூஞ்சி மரம்னு எங்கம்மா சொல்லும். சாயங்காலம் ஆனா இலையெல்லாம் மூடிக்கும், மழை வர்றப்பவும் மூடிக்கும்" என்றார். அன்று மாலை மறுபடியும் கீழே இறங்கிப் பார்த்தேன். ஆறு மணி போல ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள் மடங்கி, மரமே மெலிந்துபோய் நின்றது. நாற்பது வருஷமாக இந்த மரங்களுக்குக் கீழேதான் நடந்திருக்கிறேன், ஒரு தடவை கூடக் கவனித்ததில்லை.

பதின்மூன்றாம் நாள் நீர்நாய்களைப் பார்த்தோம். ஐந்து. முதலில் தண்ணீரில் குமிழ் வரிசை, பிறகு ஒரு தலை, அதன் பின்னால் இன்னும் நான்கு. ஒன்று உள்ளங்கை அகலத் திலாப்பியாவோடு கரையேறி, எங்களிடமிருந்து நாலு எட்டுத் தள்ளிப் படுத்தது. மீனின் வாலை இரண்டு முன்னங்கால்களாலும் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து தின்னத் தொடங்கியது. முள் நொறுங்கும் சத்தம் முறுக்குக் கடிப்பது போலத் தெளிவாகக் கேட்டது. மீசையில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா மூச்சு விடக்கூட மறந்து நின்றார். சங்கப் பாட்டிலேயே நீர்நாய் வாளை மீனைத் தேடித் தின்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த அந்த விலங்கு வீடமைப்புக் கழக அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே மீன் தின்னும் என்று யார் நினைப்பார்கள்? அன்று ஐந்து வரி போதாமல் இரண்டு பக்கம் எழுதினேன்.

இந்த ஆறு எப்போதும் இப்படி இருந்ததில்லை. நான் சின்னவளாக இருந்தபோது இது நேர்க்கோடாகப் போகும் சிமெண்ட் லோங்காங், அதாவது வடிகால். சுமார் 2.7 கிலோமீட்டர் நீளக் கால்வாயை உடைத்து, கல்லும் செடியும் வைத்து வளைந்து ஓடவிட்டு 2012இல் திறந்தார்கள். பூங்காவின் புல்வெளியே ஆற்றின் வெள்ளப்படுகை. மழை கனத்தால் தண்ணீர் புல்மேல் ஏறிப் பரவ இடம் உண்டு. அதனால்தான் கரையில் அபாய விளக்கும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. இரண்டாம் ஞாயிறு பிற்பகலில் அந்த எச்சரிக்கை ஒலியைக் கேட்டோம். எங்கள் தலைக்கு மேல் தூறல்தான், ஆனால் தண்ணீர் பழுப்பாகி, நாங்கள் காலையில் தாண்டிய படிக்கற்கள் கண்ணெதிரே மறைந்துவிட்டன. உடனே மேட்டுக்கு ஏறினோம்.

அங்கே நின்றபடிதான் அப்பா 1978ஐப் பற்றிப் பேசினார். அந்த டிசம்பரில் ஒரே நாளில் பாய லேபாரில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அப்பாவுக்கு 26 வயது, போத்தோங் பாசிரில் வாடகை வீடு. இதே ஆறு வீட்டுக்குள் புகுந்து நெஞ்சளவு நின்றதாம். பாட்டியைக் கதவுப் பலகைமேல் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனாராம். இதை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நடைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துக்கு முதலில் காலாங் ஆற்று நீர்த்தேக்கம் என்றே பெயர். 1922இல்தான் பியர்ஸ் என்ற பொறியாளரின் பெயரை வைத்தார்கள். அதன் அருகிலுள்ள பழைய அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கார் பந்தயம் நடந்தது. அப்பா பள்ளி நண்பர்களோடு போய்ப் பார்த்திருக்கிறார். பிரேடல் சாலை தாண்டி, தோ பாயோ ஓரமாகப் போகும் பகுதி பார்வைக்குச் சாதாரணம். விரைவுச்சாலை குறுக்கிடும் இடத்தில் ஆற்றை விட்டுச் சுற்றித்தான் போனோம். அந்த வாரம் அப்பாவுக்கு முட்டி வலி அதிகமாகி, பாதியில் பஸ் ஏறினோம். விட்ட இடத்தை அடுத்த புதன்கிழமை மாலை வந்து நடந்து முடித்தோம். அந்தத் துண்டை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கடைசி ஞாயிறு காலாங் ரிவர்சைட் பூங்கா. "பஸ்ல இந்தப் பாலம் தாண்டுறப்ப எல்லாரும் மூக்கைப் பொத்திக்குவோம். பன்றிப் பண்ணைக் கழிவு, படகுப் பட்டறை எண்ணெய், எல்லாம் இதுலதான்" என்றார் அப்பா. 1977இல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் பேசினையும் பத்தாண்டில் சுத்தம் செய்யச் சொன்னார். 1987இல் செய்து முடித்தார்கள். 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் கடல்நீர் உள்ளே வருவது நின்று, இன்று இது நன்னீர்த் தேக்கம். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வர, அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கரை மணலில் இறங்கினார். தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பே இல்ல பாப்பா."

அங்கிருந்து காலாங் சாலை மன்மத காருணீஸ்வரர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வீடு வந்தோம். அப்பா சாப்பிட்டதும் அம்மாவின் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, நடந்த வழியை முதலிலிருந்து கடைசி வரை அவளுக்குச் சொன்னார். நான் சமையலறையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் தொடங்குவதானால், மாதக் கடைசியில் முடிகிற மாதிரி ஒரு தூரத்தையோ ஓர் இடத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். கூட வர ஒருவரைப் பிடியுங்கள். நவம்பர், டிசம்பரில் பிற்பகல் மழை அடிக்கடி வரும், அதனால் காலையே நல்லது. லோவர் பியர்ஸில் குரங்குகள் உண்டு, கையில் பிளாஸ்டிக் பையோடு போகாதீர்கள். பொங்கோலில் இருந்தால் 4.2 கிலோமீட்டர் நீர்வழி இருக்கிறது, பாசிர் ரிஸில் என்றால் அப்பி அப்பி ஆறு, ஜூரோங்கில் என்றால் ஏரித் தோட்டம். எந்தப் பேட்டை என்று எழுதுங்கள், அங்கே எங்கிருந்து நடக்கத் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.