செல்லுக்குள் போன மருந்தை வெளியே தள்ளும் பம்பு நம் உடம்பில் இருக்கிறதாமே, நிஜமா? அதனால் நமக்கு என்ன?

நிஜம்தான். இப்படிப் பல இருக்கின்றன. அதிகம் பேசப்படுவது பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதம். பண்ணைக்காட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பார்மசி படித்தபோது பரீட்சைக்காக இந்தப் பெயரை மனப்பாடம் செய்ததோடு சரி. புரிந்தது பெரியப்பாவால்.

தாண்டிக்குடியில் காபித் தோட்டம் அவருக்கு. கால் பெருவிரலில் யூரிக் ஆசிட் வலி வந்தால் கோல்சிசின் போட்டுக்கொள்வார். போன மார்கழியில் நெஞ்சுச்சளி என்று மலையிறங்கிப் போனவருக்கு ஒரு டாக்டர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வாந்தி பேதி, நிற்கவே இல்லை. "குளிரு ஒத்துக்கலடா" என்றார். அவருடைய வெற்றிலைப் பையைக் கவிழ்த்தேன். பாக்கு, சுண்ணாம்பு டப்பாவோடு இந்த இரண்டு மாத்திரைகளின் அட்டைகளும் விழுந்தன. பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து தப்பித்தார்.

கோல்சிசினை அவர் கூடுதலாகப் போடவில்லை, வழக்கமான அளவுதான். குடல்சுவர் செல்களில், உணவு போகிற பக்கமாக இந்தப் பம்பு உட்கார்ந்திருக்கும். உள்ளே நுழையும் மருந்தில் ஒரு பங்கை, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்துத் திரும்பக் குடலுக்கே தள்ளும். ஈரலில் பித்தத்துக்கும் சிறுநீரகத்தில் சிறுநீருக்கும் தள்ளும். கிளாரித்ரோமைசின் அதை முடக்கிவிடும். அப்புறம் வரவு கூடும், செலவு குறையும். போதாக்குறைக்கு, கோல்சிசினைச் சிதைக்கும் நொதியையும் அதுவே தடுக்கும். கோல்சிசினில் மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே விரற்கடைதான் இடைவெளி. சிறுநீரகமோ ஈரலோ பழுதானவர்களுக்கு இந்த ஜோடியே கூடாது, உயிரே போயிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. பாச்சலூர் வழியாக ஒட்டன்சத்திரம் இறங்கினால் பந்தலில் படர்ந்த கண்வலிக்கிழங்கைப் பார்க்கலாம், நம் செங்காந்தள்தான். காலையில் ஆட்கள் பூப்பூவாக மகரந்தம் தொட்டு வைப்பார்கள். அந்த விதையிலிருந்துதான் கோல்சிசின் எடுக்கிறார்கள். 1976இல் கனடாவில் ஜூலியானோ, லிங் என்ற இருவர் இந்தப் பம்பைக் கண்டுபிடித்ததும் கோல்சிசினால்தான். அந்த விஷத்துக்குச் சாகாமல் பழகிப்போன ஹாம்ஸ்டர் எலிச் செல்களின் சவ்வில் இந்தப் புரதம் ஏராளமாக இருந்தது. பெரியப்பாவிடம் சொன்னேன். "வேலியில கெடக்குற கெழங்கையா காசு குடுத்துத் தின்னேன்?" என்றார். அவருக்கு அதுதான் வருத்தம்.

பம்பைத் திட்டவும் முடியாது. பேதிக்குப் போடும் லோப்பரமைடு அபின் வகையைச் சேர்ந்தது. சொன்ன அளவில் போட்டால் போதை ஏறாததற்குக் காரணம், மூளையின் ரத்தக்குழாய்களில் இதே பம்பு அதை உள்ளே விடாமல் தள்ளுவதுதான். புற்றுநோய்ச் செல்லும் இதே வித்தையால் பல மருந்துகளிடமிருந்து ஒரே சமயத்தில் தப்பிக்கிறது. பம்பை அடைத்துப் பார்க்கலாம் என்று செய்த முயற்சிகள் அங்கே பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

எதிர்த்திசையிலும் நடக்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் பம்புகள் பெருகும். இதயத்துக்கு டிஜாக்சின் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் அதன் அளவு இறங்கும். ரிஃபாம்பிசினை நிறுத்தினால் மெல்ல மெல்லத் திரும்ப ஏறும். அதனால் புதிதாக ஒரு மாத்திரை சேரும்போது மட்டுமில்லை, பழையது ஒன்று நிற்கும்போதும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.