வாசகர் கேள்வி பதில்: அவன் ஏன் போனான், இவனை ஏன் கூப்பிடுகிறார்கள்?

கேள்வி: என் அக்கா மகன் லிஸ்பன் போகத் துடிக்கிறான். டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கினால் போதும், பேப்பர் அங்கேயே போட்டுக்கலாம் என்று ஏஜென்ட் சொல்கிறாராம். ஆனால் போர்ச்சுகல்காரர்களே வேலை தேடி வெளிநாடு போகிறார்கள் என்று படித்தேன். சொந்த ஜனத்துக்கே சோறு போடாத ஊரில் இவனுக்கு என்ன கிடைத்துவிடும்?
(வாசகி, காசிமேடு)

பதில்: அம்மா, முதலில் ஏஜென்ட் கதையை முடித்துவிடுவோம். சும்மா உள்ளே போய், ஒரு வேலையில் சேர்ந்து, வரி கட்டி, அப்புறம் வசிப்பு அனுமதிக்கு மனுப் போடும் வழி அங்கே நிஜமாகவே இருந்தது. 2024 ஜூனில் அதை அடைத்துவிட்டார்கள். இன்னமும் அதையே சொல்லி ஒருவர் அட்வான்ஸ் கேட்கிறார் என்றால் கொடுக்காதீர்கள். வேலைக்கான விசா கையில் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்ட இன்னொன்றில் முரண்பாடு எதுவும் இல்லை. 2024-ல் போர்ச்சுகலில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 820 யூரோ, வருஷத்துக்குப் பதினாலு சம்பளம். லக்ஸம்பர்க்கில் அது 2,500-க்கு மேல். அதனால் போர்ச்சுகல் கொத்தனார் லக்ஸம்பர்க் போகிறார், நர்ஸ் சுவிட்சர்லாந்து போகிறார் (லக்ஸம்பர்க்கில் ஏழு பேரில் ஒருவர் போர்ச்சுகல்காரர் என்கிற அளவுக்குப் போய்விட்டார்கள்). அவர்கள் விட்டுப்போன இடத்தில், தெற்கே ஒடெமிரா பக்கம் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ராஸ்பெர்ரி பறிக்கவும், லிஸ்பன் தெருவில் சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு அலையவும் நேபாளி, வங்கதேசி, இந்தியன் என்று ஆள் வருகிறார்கள். நம்ம தண்டையார்பேட்டையில் எழும்புகிற ஃபிளாட்டைப் பாருங்கள். இந்த ஊர்க் கொத்தனார் துபாயில், இங்கே சாரத்தில் நிற்கிறவர் ஒடிசாக்காரர். அதே கணக்குதான். லிஸ்பன் வாடகையை மட்டும் விசாரித்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள், ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதையும் சேர்த்து.

கேள்வி: வாஸ்கோ ட காமா காலத்திலிருந்து உலகத்தையே சுரண்டிய நாடு அது. அந்த ஜனங்கள் ஏன் கூலி வேலைக்கு அலையணும்? அடித்த பணமெல்லாம் எங்கே போச்சு?
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: நல்லாக் கேட்டீர்கள். அடித்தவர் வேறு, அலைந்தவர் வேறு, அவ்வளவுதான். 18-ஆம் நூற்றாண்டில் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸில் தங்கம் கொட்டியபோது ஐந்தாம் ஜோவாவ் ராஜா மாஃப்ராவில் பிரம்மாண்டமாக அரண்மனையும் மடமும் கட்டினார், மிச்சத்தில் பெரும்பங்கு துணி வாங்கிய வகையில் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. வடக்கே மீன்யூ பகுதி விவசாயிக்கு என்ன மிஞ்சியது? அப்பன் நிலத்தைப் பிள்ளைகள் பிரித்துப் பிரித்துக் கைக்குட்டை அளவுக்கு வந்துவிட்ட துண்டு. அவன் பிரேசிலுக்குக் கப்பலேறினான். ஊரே காலியாகிறது என்று பயந்து 1720-ல் ராஜா தடைச்சட்டம் போட்டார், போகிறவன் போய்க்கொண்டுதான் இருந்தான். 19-ஆம் நூற்றாண்டிலும் பிரேசில்தான், சம்பாதித்துத் திரும்பினவன் ஊரில் பெரிய வீடு கட்டி வாசலில் ஒரு பனைமரம் வைப்பான், பார்த்தவுடனே இது பிரேசில் காசு என்று தெரியணும்.

பெரிய ஓட்டம் 1960-களில். சலாசார் என்கிற சர்வாதிகாரியின் ஆட்சி. நாட்டின் கஜானாவில் தங்கம், கிராமத்தில் பிள்ளைகளுக்குக் காலில் செருப்பில்லை. அது போதாதென்று 1961-ல் அங்கோலாவில் ஆரம்பித்து கினியா, மொசாம்பிக் என்று பரவிய காலனிப் போருக்கு வயசுப் பையன்களைப் பிடித்து அனுப்பினார்கள். பாஸ்போர்ட் சுலபத்தில் கொடுக்க மாட்டார்கள், அதனால் இரவோடிரவாக ஸ்பெயின் மலைகளைத் தாண்டி பிரான்ஸுக்கு நடந்தார்கள். அதற்கு அங்கே பெயரே ‘தாண்டல்’. அந்த ஜனங்களின் ஏற்பாடு ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிளம்புகிறவன் தன் போட்டோவை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியைக் கூட்டிப்போகிறவனிடம் கொடுத்துவிடுவான், தன்னிடம் இருக்கும் பாதியை பிரான்ஸ் சேர்ந்ததும் தபாலில் வீட்டுக்கு அனுப்புவான், இரண்டு பாதியும் ஒட்டினால்தான் வீட்டார் கூட்டிப்போனவனுக்குக் காசு தருவார்கள். நம்ம ஏஜென்ட்டுகளிடம் இந்த முறையைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

பாரிஸ் பக்கத்தில் ஷாம்பின்யியில் சேறும் தகரமுமாக அவர்கள் குடிசை போட்டிருந்த இடம் பிரான்ஸிலேயே பெரிய குடிசைப் பகுதிகளில் ஒன்று. ஆண்கள் கட்டட வேலைக்குப் போனார்கள், பெண்கள் வீட்டு வேலைக்கும் வாசல் காவலுக்கும். 1960-க்கும் 1970-க்கும் நடுவில் போர்ச்சுகலின் மக்கள்தொகையே குறைந்துபோனது. இதில் வேடிக்கை, போகாதே என்று எல்லையில் துப்பாக்கி நீட்டிய அதே அரசாங்கம், போனவன் அனுப்பிய பணத்தில்தான் இறக்குமதிக் கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டிருந்தது.

1973-ல் எண்ணெய் விலை ஏறியது, அடுத்த வருஷமே பிரான்ஸ் கதவைச் சாத்தியது. அதே 1974 ஏப்ரலில் லிஸ்பனில் புரட்சி, காலனிகள் கைவிட்டுப் போயின, அங்கே குடியேறியிருந்த சுமார் 5 லட்சம் பேர் திரும்பி வந்தார்கள். லிஸ்பன் ஆற்றங்கரையில், கடலோடிகளுக்கு எழுப்பிய நினைவுச்சின்னத்தைச் சுற்றி அவர்களுடைய மரப்பெட்டிகள் குவிந்து கிடந்தன. வியாசர்பாடிக்காரருக்கு இதை விளக்கணுமா என்ன? பர்மாவில் 1962-க்கு அப்புறம் கடையும் நிலமும் போய் ஒற்றைப் பெட்டியோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், பீச் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) போடுகிறவரும் அந்த வழிதான்.

அப்புறம் 2011-ல் நாடு திவால் நிலைக்கு வந்து 7,800 கோடி யூரோ கடன் வாங்கியது. 2013 தொடக்கத்தில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு மேல் வேலை இல்லை, இளைஞர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல். வேலையில்லாத ஆசிரியர்கள் போர்ச்சுகீசு பேசும் பிரேசில், அங்கோலா பக்கம் பார்க்கலாம் என்று பிரதமரே யோசனை சொன்னார். பெட்டியோடு எங்கிருந்து வந்தார்களோ, அந்த அங்கோலாவுக்கே, எண்ணெய்ப் பணம் ஓடிய லுவாண்டாவில் வேலை தேடி, விசாவுக்கு வரிசை.

கேள்வி: மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் ஏற்றினார்களே, வெள்ளைக்காரன் யாராவது அப்படிப் போனானா?
(வாசகர், ராயபுரம்)

பதில்: போனான். போர்ச்சுகலின் மதெய்ரா தீவிலிருந்து 1835-லேயே தென் அமெரிக்காவில் பிரிட்டிஷ் கயானாவின் கரும்புக் காட்டுக்கு ஆள் போனது, இந்தியர்கள் அங்கே இறங்கியது 1838-ல். ஆனால் மதெய்ராக்காரன் சீக்கிரமே வெட்டுக்கத்தியைப் போட்டுவிட்டுப் பெட்டிக்கடை, சாராயக்கடை என்று உட்கார்ந்துவிட்டான், தோல் நிறம் உதவியது. 1878-லிருந்து ஹவாய்க்கும் போனார்கள், அவர்கள் கொண்டுபோன குட்டி கிதார்தான் உக்குலேலி ஆனது. இங்கிருந்து 1860-ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ட்ரூரோ கப்பல் கிளம்பியபோது மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. அலையைத் தாண்டிக் கப்பல்வரை கொண்டுபோய் விட்டது மசூலாப் படகு.